தனிமைக்கு இரண்டு சாட்சி

கண்டக்டருக்கு யாரும் இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்த மனிதர். நாளைக்கு ஆயிரம் பேரிடமாவது பேசியிருப்பார், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்பதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டால். ஒருநாள் காலை டிக்கெட் கட்டைப் பிடித்திருந்த இடது கை தானாக விரிந்தது. டிக்கெட்டெல்லாம் பஸ்ஸுக்குள் பறந்தன. பக்கவாதம் என்றார்கள். கால் ஒருவழியாகத் திரும்பி வந்தது, கை வரவில்லை. மனைவி போய் நாலு வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்பாள். போட்டேன் என்பார். மீதி ஆறு நாளும் அவர் வாயைத் திறப்பது பல் தேய்க்கவும் சாப்பிடவும்தான். சில நாள் தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, காலி அறையில் "ரைட், போலாம்" என்று சொல்லிப் பார்ப்பார். யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை.

"சமுதாய இணைப்பு மையம்னு ஒண்ணு இருக்கு" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "அன்றாட வேலையெல்லாம் ஒத்தைக் கையால செய்யப் பழக்குவாங்க. நாலு மனுஷங்களோட பழகவும் வைப்பாங்க. போய் மனு போடுங்க."

மனுவில் எட்டாவது கட்டம் இருந்தது. விண்ணப்பதாரருக்கு நெருங்கியவர் எவரும் இல்லை என்பதை, அவரை நெருங்கி அறிந்த இருவர் சான்றளிக்க வேண்டும்.

கண்டக்டர் மாடி வீட்டுக்காரரிடம் போனார். அவர் மனுவை இரண்டு தரம் படித்தார். "நீங்க குடி வந்து ஆறு வருஷம் ஆச்சு சார், இல்லேங்கல. ஆனா இன்னைக்குத்தான் உங்க குரலையே கேக்கறேன். நெருங்கி அறிந்தவர்னு நான் எப்படிப் போடறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு பாருங்க." மனசாட்சி கதவைச் சாத்திக்கொண்டது. மளிகைக் கடைக்காரர் தாராள மனசுக்காரர். "உங்களை எனக்குத் தெரியாதா!" என்று ஒரு வரிக்கு இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தார். அதுதான் வினையாகிப் போனது.

"பாருங்க, 'ஆறு வருஷமாக மிக நன்றாகத் தெரியும்'னு எழுதியிருக்காரே" என்றார் மையத்தின் ஜன்னலுக்குள் இருந்த அதிகாரி. "அப்ப உங்களுக்கு ஆள் இருக்கு. தள்ளுபடி."

"அவர் சாமான் நிறுத்துக் குடுக்கறவருங்க."

"பேசுவீங்களா, மாட்டீங்களா?"

"அரைக் கிலோம்பேன்."

"அது உரையாடல்" என்று அதிகாரி சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் தடவை போனபோது வெளி பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். நெட்டை மனிதர், சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று ஏறியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் அதே மனு, அதே எட்டாவது கட்டம் காலி.

"உங்களுக்கும் சாட்சி இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"சரி" என்றார் அவர்.

"எத்தனை தரம் வந்தீங்க?"

"சரி சரி."

பிறகுதான் விஷயம் புரிந்தது. கடைப் பலகைகளுக்கு எழுத்தும் படமும் எழுதும் பெயிண்டர் அவர். வாதம் வலது கையோடு பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. விட்டுப் போனது ஒரே ஒரு சொல். கேட்பதெல்லாம் புரிகிறது, சொல்ல வந்தால் 'சரி'தான் வருகிறது. வாயில் ஒரு சொல் மட்டும் இருக்கும் ஆளுக்கும் பேச ஆளில்லாத ஆளுக்கும் அந்த பெஞ்சில் பத்தே நிமிஷத்தில் ஒத்துப்போனது. ஒருவர் மனுவில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவதென்று முடிவாயிற்று. பெயிண்டர் தன் மனுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் பெயர், வீட்டு எண், தெரு எல்லாவற்றையும் இடது கையால் கண்டக்டரின் மனுவில் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு தெருப் பெயருக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது சாட்சி மையத்தின் பியூன். "நாளைக்குப் பத்துப் பேருக்குப் போடறேன் சார். ஊர்ல எனக்குத் தெரியாத தனி ஆளே கிடையாது" என்று இருவருக்கும் போட்டுக் கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பப் பழக்கம்?" என்றார் ஜன்னல் அதிகாரி.

"இப்பத்தாங்க, இந்த பெஞ்சுல."

"பிரமாதம். நெருங்கி அறிந்தவர், ஆனா நெருங்கியவர் இல்ல. விதிக்கு அப்படியே பொருந்துது." முத்திரை விழுந்தது. மனுவின் ரோஸ் நிற நகலை 'விண்ணப்பதாரர் பத்திரமாக வைத்திருக்கவும்' என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

மையம் என்றால் சாதாரண மையமா! கூடத்தின் நடுவே ஒரு கதவு நின்றது. சுற்றிச் சுவர் கிடையாது, கதவு மட்டும். பூட்டுத் திறக்கப் பழகுவதற்காம். அந்தப் பக்கம் அடுப்பு, அதற்குத் தீ கிடையாது. குழாயில் தண்ணீர் கிடையாது. வெறும் பாத்திரத்தில் இல்லாத பாலை ஊற்றி, இல்லாத சர்க்கரையைப் போட்டு, டீயை ஆற்றி வைக்க வேண்டும். தீ வைத்தால் ஆபத்து, தண்ணீர் விட்டால் வழுக்கும் என்று பாதுகாப்புக் குழு எழுதி வைத்திருந்தது. மூலையில் நாலு சீட்டோடு ஒரு பஸ், சக்கரம் இல்லாமல். கண்டக்டருக்கு அங்கே பஸ் ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஏறியவர் பழக்க தோஷத்தில் "முன்னாடி போங்க, இடம் கிடக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டார். 'சக பயணிகளிடம் அதிகாரத் தொனி' என்று பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டார்கள்.

அங்கே உருப்படியாக இருந்தது பயிற்சிக்காரப் பெண் ஒருத்திதான். நாற்பது பேருக்கு அவள் ஒருத்தி. "ஐயா, சட்டையை முதல்ல முடியாத கைக்கு மாட்டுங்க, அப்புறம் முடிஞ்ச கைக்கு. கழட்டும்போது மாத்திச் செய்யுங்க. பொத்தானைக் கீழருந்து போட்டுட்டு வாங்க, மாறாது" என்றாள். ஒன்றரை வருஷமாகக் கண்டக்டர் தலைவழியாகச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாலு நிமிஷத்தில் போட்டார், கண் கலங்கிவிட்டது. "டம்ளர் நகருதா? அடியில ஈரத்துணி போடுங்க" என்றாள். இதையெல்லாம் எழுத அவளுடைய பதிவேட்டில் கட்டம் கிடையாது. 'செவ்வாய்க்கிழமை: பணி எதுவும் நடைபெறவில்லை' என்று அவள் பேரில் குறிப்பு எழுதினார்கள்.

இனி இணைப்புக்கு வருவோம். இரண்டாம் வாரம் இயக்குநர் அம்மா எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"நீங்க உங்களுக்குள்ள ரொம்பப் பேசிக்கறதா ரிப்போர்ட் வருது. அது கணக்குல சேராது. ஒதுக்கப்பட்டவங்க ஒதுக்கப்பட்டவங்களோட பேசினா அதுக்குப் பேர் இணைப்பு இல்ல, கும்பலா ஒதுங்கறது. நீங்க பேச வேண்டியது சமுதாயத்தோட. நான் இருபது வருஷமா இந்தத் துறைல இருக்கேன். உங்களை மாதிரி மக்களோட ஒரு நாள்கூட உட்கார்ந்து டீ குடிச்சதில்ல. ஏன்? அந்தத் தூரம் இருந்தாத்தான் உங்களை நான் முழுசாப் பார்க்க முடியும்."

சமுதாயத்தை எங்கே போய்ப் பிடிப்பது? முதல் வருஷம் ஊரிலிருந்து இரண்டு பேர் தொண்டு செய்ய வந்தார்களாம். போட்டோ எடுத்ததும் நின்றுவிட்டார்கள். அதனால் பியூனுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். செவ்வாய், வியாழன் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, சட்டையில் 'சமுதாயம்' என்ற அட்டையைக் குத்திக்கொண்டு ஒரு மேஜையில் உட்காருவார். வரிசையில் போய் ஆளுக்கு மூன்று நிமிஷம் பழக வேண்டும். அவருக்கு அனுமதிக்கப்பட்ட கேள்வி மூன்று.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மழை வருமா?"

"வரும் போலிருக்கு."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

வீட்டில் யாரும் இல்லை என்று இரண்டு சாட்சியோடு எழுதிக் கொடுத்த மனிதர் என்ன சொல்வார்? "சௌக்கியம்" என்பார். பியூன் கையெழுத்துப் போடுவார். பெயிண்டர் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லி முழு மதிப்பெண் வாங்கினார். ஒரு வியாழன் வரிசையில் கால் மணி நேரம் நின்ற பிறகு ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "எல்லாரும் போங்க. சமுதாயம் இன்னைக்கு லீவு. பல்வலி."

அன்றைக்குத்தான் பயிற்சிக்காரப் பெண் தன் வீட்டிலிருந்து மின்சாரக் கெண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். "சத்தம் போடாதீங்க" என்று கதவோரம் நின்று காவல் பார்த்தாள். பெயிண்டர் இடப்பக்கம், கண்டக்டர் வலப்பக்கம் நின்றார்கள். அவருடைய இடது கையும் இவருடைய வலது கையும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். அவர் பொட்டலத்தைப் பிடிக்க இவர் கிழித்தார். அவர் வடிகட்டியைப் பிடிக்க இவர் ஊற்றினார். ஒன்றரை வருஷத்தில் கண்டக்டர் ஒருவரோடு உட்கார்ந்து குடித்த முதல் டீ. கொஞ்சம் கசந்தது, அதனாலென்ன.

கண்டக்டர் தன் பஸ் போன வழியைச் சொல்லிக்கொண்டே போனார். "மேம்பாலம் இறங்கினதும் ஒரு கண்ணாடிக் கடை. போர்டுல ரெண்டு பெரிய கண்ணு. எந்தப் பக்கம் போனாலும் நம்ம பஸ்ஸையே பார்க்கும்யா! டிரைவர் பயப்படுவான்."

பெயிண்டர் தன் மார்பில் தட்டினார். "சரி! சரி!"

"அட, நீங்க எழுதினதா? என்னை இருபது வருஷமாப் பார்த்துக்கிட்டிருந்தது நீங்கதானா?"

"சரி" என்று பெயிண்டர் சிரித்தார். அவருக்கு இருந்த ஒரே சொல்லில் இருபது தினுசு இருந்தது. அன்றிலிருந்து கண்டக்டர் செவ்வாய்க்கும் வியாழனுக்குமாகவே விடிய விடியக் காத்துக்கிடந்தார். கை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், இந்த மனிதர் போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தோன்றியது மையத்துக்குப் பொறுக்குமா? ஒரு கூட்டத்தில் எல்லாரையும் கைதட்டச் சொன்னபோது இவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு கையால் சேர்ந்து தட்டினார்கள். இயக்குநர் அம்மா கண்ணில் பட்டுவிட்டது. கோப்பில் 'சார்புநிலை: அபாயகரம்' என்று ஏறியது. அடுத்த வாரத்திலிருந்து இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு, சமுதாயத்தை உட்கார வைத்தார்கள். பியூன் இரண்டு பக்கமும் பார்த்து, "மழை வருமா?" என்றார். பாவம், அவருக்கும் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார்.

ஆண்டு விழா வந்தது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒருவராவது முழுமையாக இணைந்தாக வேண்டும். கண்டக்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் யார் உதவியும் இல்லாமல் ஒற்றைக் கையால் டீ போட வேண்டும், நிஜத் தண்ணீர், நிஜத் தீ. ஜெயித்தால் சான்றிதழ்.

"வாங்கினப்புறம் என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"அப்புறம் நீங்க இணைஞ்சவர். இங்க வரக் கூடாது. ஆறு மாசம் வாசல்லகூட விடமாட்டோம். இல்லேன்னா இங்கயே ஒட்டிக்குவீங்க" என்றார் இயக்குநர் அம்மா பெருமையாக.

கண்டக்டர் வீட்டுக்குப் போய் யோசித்தார். தோற்றுவிடுவது என்று தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக எதையும் தீர்மானித்ததில்லை.

மேடையில் பாலைக் கீழே ஊற்றினார். சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டார். டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் ஊற்றினார். முன்வரிசையில் பயிற்சிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இயக்குநர் அம்மா மைக்கைப் பிடித்தார்.

"பார்த்தீங்களா? தப்பு பண்ணப் பயப்படவே இல்ல! இதுதான் தன்னம்பிக்கை. ஆறு மாசத்துக்கு முன்னால இவரால ஒரு டீயைக்கூட இப்படித் தைரியமாக் கெடுக்க முடியாது. இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தது யார்? நானே சொல்லிக்கக் கூடாது. அதனால அதை அச்சடிச்சுக் குடுத்திருக்கோம், பார்த்துக்கங்க."

மேலிடத்து ஆள் அந்த உப்பு டீயை ஒரு வாய் குடித்து, "அருமை" என்றார். 'இன்று முதல் இவர் சமுதாயத்தில் இணைக்கப்பட்டார்' என்ற சட்டம் போட்ட சான்றிதழைக் கண்டக்டரின் வலது கையில் திணித்தார்கள். கூடமே கைதட்டியது. கடைசி வரிசையில் பெயிண்டர் இடது கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இணைக்கப்பட்ட கண்டக்டர் வீட்டில் உட்கார்ந்தார். செவ்வாய் வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை மகள், "மாத்திரை போட்டீங்களா? குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, நான் இணைஞ்சுட்டேன்" என்றார். "நல்லதுப்பா" என்றாள். அடுத்த செவ்வாய் மையத்தின் வாசலுக்கு எதிரே போய் நின்றார். ஆட்களை ஏற்றி வரும் மையத்து வேன் திரும்பும்போது கண்ணாடிக்கு உள்ளிருந்து ஓர் இடது கை உயர்ந்தது. கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் ஜன்னலில் போய்ப் பெயிண்டரின் விலாசம் கேட்டார். "தனியுரிமை" என்றார் அதிகாரி. சரி, என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் கண்டக்டர். அதற்குப் புது மனு இருந்தது. இணைக்கப்பட்டவரைச் சமுதாயம் மீண்டும் ஒதுக்கிவிட்டது என்று சமுதாயம் எழுதித் தர வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள், இங்கே சாமியே பியூன். கண்டக்டர் யார் கண்ணிலும் படாமல் மாடிப்படிக்கு அடியில் போய் அவரைப் பிடித்தார்.

பியூன் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான் எப்படி சார் எழுதுவேன்? நான் உங்களை ஒதுக்கலையே."

கண்டக்டர் வீட்டுக்கு வந்து, பழைய மனுவைப் பார்த்தால் மையத்து விதியில் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று தகரப் பெட்டியைக் கவிழ்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்கு அடியில் ரோஸ் நகல் கிடந்தது. எட்டாவது கட்டம். இவருக்கு நெருங்கியவர் எவரும் இல்லை என்பதை நான் நெருங்கி அறிவேன். அதன் கீழே, கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வரைந்தது: ஒரு பெயர், ஒரு வீட்டு எண், ஒரு தெரு. கண்டக்டர் அதை வாய்விட்டு மூன்று தரம் படித்தார். "அட மடையா, இது உன் பெட்டியிலேயே இருந்திருக்கேடா" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பொழுது விடிந்ததும் சட்டையை எடுத்தார். முதலில் முடியாத கை.

இரண்டு பஸ் மாறிப் போனார். கடைசி சந்தில் கடைசி வீடு, பூட்டியிருந்தது. அன்றைக்கு வியாழன், பெயிண்டர் மையத்துக்குப் போயிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. படியில் உட்கார்ந்து காத்திருந்தார். இரண்டு மணிக்கு வேன் வந்தது. பெயிண்டர் இறங்க, அன்றைக்கென்று துணைக்கு வந்திருந்த பியூனும் இறங்கினார், அட்டை இன்னும் சட்டையில் இருந்தது.

பெயிண்டர் கண்டக்டரைப் பார்த்தார். வாய் திறந்தது, அந்த ஒரு சொல்கூட வரவில்லை. வந்து சாவியைப் பூட்டில் விட்டார். கதவு மழையில் ஊறி உப்பிய மரம், வளையத்தை ஒரு கையால் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் மறு கையால் சாவி திரும்பும். மையத்துக் கதவில் அவருக்குப் பத்துக்குப் பத்து.

"இதை எப்படி இத்தனை நாளா ஒத்தை ஆளாத் திறந்தீங்க?" என்றார் கண்டக்டர்.

பெயிண்டர் சந்துப் பக்கம் கையைக் காட்டினார். யாராவது வரும் வரை நிற்பாராம். இது கடைசி வீடு. இந்தப் பக்கம் யார் வருவார்கள்? கண்டக்டர் எழுந்து வளையத்தைப் பிடித்து இழுத்தார். பெயிண்டர் சாவியைத் திருப்பினார்.

"ஐயா, சேர்ந்து திறந்தா மார்க் கிடையாது" என்று பியூன் வழக்கம்போலச் சொன்னார்.

"வேணாம்பா, நீயே வச்சுக்க" என்றார் கண்டக்டர்.

உள்ளே போய் நிஜ அடுப்பைப் பற்ற வைத்தார்கள். டம்ளருக்கு அடியில் ஈரத்துணி போட்டார்கள். அவர் பிடிக்க இவர் ஊற்றினார். வெளியே வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஆனால் பியூன் போகவில்லை. வாசலில், அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு அரை டம்ளர் கிடைக்குங்களா?"

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தை ஜன்னல் அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டார். "யாரும் இல்லைங்கறதுக்கு ரெண்டு சாட்சி வேணுமே. உன்னை நெருங்கித் தெரிஞ்சவங்க."

பியூன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்படி யாரும் இல்லீங்களே" என்றார்.

பெயிண்டர் மூன்றாவது டம்ளரை எடுத்து ஈரத்துணியில் வைத்தார். "சரி" என்றார்.

"முன்னாடி வாப்பா, இடம் கிடக்குது" என்றார் கண்டக்டர்.